ஒரு டம்ளர் எடுத்து, ஒரு டம்ளர் ஊற்றி

காலையில் கண்ணாடித் தொட்டியைப் பார்த்ததும் சுண்டெலிக்குத் தூக்கமெல்லாம் பறந்துபோனது.

சுண்டெலி என்றால் எலி இல்லை; பத்து வயதுப் பெண். வீட்டில் ஒருவரும் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொட்டி அவளுடையது அல்ல, அக்காவுடையது. அதற்குள் பாறை மேல் பவளங்கள் இருந்தன. பார்த்தால் பூ மாதிரி இருக்கும், ஆனால் உயிருள்ள பிராணிகள். விளக்குப் போட்டதும் விரல் விரலாக விரிந்து ஆடும். இன்று ஒன்றுகூட விரியவில்லை. எல்லாம் சுருங்கிப்போய்க் கிடந்தன.

"அப்பா! இங்க வாங்களேன்! அக்காவோட பவளமெல்லாம் செத்துப்போச்சு போல!"

அப்பா பல் துலக்கிக்கொண்டே ஓடிவந்தார். "ஐயையோ! நாளைக்கு அவ வந்துடுவாளே! நம்ம ரெண்டு பேரையும் உண்டு இல்லைன்னு பண்ணிடுவா!"

"நீங்க எதுக்குப்பா பயப்படுறீங்க?"

"உங்க அக்காவுக்குப் பயப்படாதவங்க இந்த வீட்டுல யாரு?"

அக்கா கைப்பந்துப் போட்டிக்காக வெளியூர் போய் ஒரு வாரமாகிறது. போகும்போது படித்துப் படித்துச் சொன்னாள்: "தொட்டியில தண்ணி குறையும். குறைஞ்ச அளவுக்கு வெள்ளை கேன்ல இருக்கிற சாதாத் தண்ணியை ஊத்து. நீல கேனைத் தொடாதே, அது உப்புத் தண்ணி."

சுண்டெலி தலையை ஆட்டினாள். ஆனால் மனசு கேட்கவில்லை. கடலில் பிறந்த உயிர்களுக்குச் சப்பென்று சாதாத் தண்ணீரா? பாவம் இல்லையா? தினமும் நீல கேனையே எடுத்து ஊற்றினாள்.

இப்போது அவள் பார்வை நீல கேன் மேல் போனது. உப்புத் தண்ணீர் எப்படிக் கெடுதல் செய்யும்? தொட்டிக்குள் இருப்பதும் அதுதானே?

தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. நீல கேனின் வாயிலும் அதே பொருக்கு. சொட்டிக் காய்ந்த உப்பு!

அப்படியென்றால் காய்ந்துபோவது தண்ணீர் மட்டும்தான். உப்பு எங்கேயும் போகவில்லை. தொட்டிக்குள்ளேயே இருந்த உப்போடு, அவள் தினமும் இன்னும் உப்பைச் சேர்த்திருக்கிறாள்.

"அப்பா, நான்தான் இப்படிப் பண்ணிட்டேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

நடந்ததைக் கேட்ட அப்பா பதறிப்போய் வெள்ளை கேனைத் தூக்கினார். "அவ்வளவுதானே? இதை மொத்தமா கொட்டிடலாம்!"

"வேண்டாம்ப்பா! புதுசா பவளம் வாங்கினா, அது வர்ற தண்ணிப் பையில அக்கா தொட்டித் தண்ணியைக் கரண்டி கரண்டியாத்தான் ஊத்துவா. திடீர்னு தண்ணி மாறினா அதுங்க தாங்காது."

"அப்ப பேசாம இருந்துடலாமா? தானா சரியாயிட்டா அவளுக்குத் தெரியவே தெரியாது."

சுண்டெலிக்கும் அது ஆசையாகத்தான் இருந்தது. திரும்பிப் பவளங்களைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் போனில் கூப்பிட்டு, ஒன்று விடாமல் சொன்னாள்.

சொல்லி முடித்ததும், திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

"சாதாத் தண்ணியை மொத்தமா கொட்டிடலையே?" என்றாள் அக்கா.

"இல்லைக்கா. தொட்டியிலேர்ந்து ஒரு டம்ளர் எடுத்துட்டு, ஒரு டம்ளர் சாதாத் தண்ணி ஊத்தலாமான்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் அதே மாதிரி."

"அதையே பண்ணு. அவசரப்படாதே. அழவும் அழாதே."

அன்று முழுவதும் டம்ளரும் கையுமாக இருந்தாள். அப்பா கொண்டுவந்து வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. பவளங்கள் அசையவே இல்லை. மறுநாள் மதியம்தான் ஒரு பவளம் ஒரே ஒரு விரலை மெல்ல வெளியே நீட்டியது.

சாயங்காலம் அக்கா வந்தாள். தோள்பையைக்கூட இறக்காமல் நேரே தொட்டியிடம் போனாள். அப்பா கதவுக்குப் பின்னால் பதுங்கினார். பாதிப் பவளங்கள் விரிந்திருந்தன. மீதி இன்னும் சுருங்கியே இருந்தன. அக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பிழைச்சுக்கும்," என்று அக்கா நிமிர்ந்தாள். "அடுத்த மாசமும் போட்டி இருக்கு. தொட்டியை யாரு பாத்துக்குறது?"

"நான்!" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"நீங்களா? வேண்டவே வேண்டாம்ப்பா. சுண்டெலியே பாத்துக்கட்டும். ஏதாவது ஆனா அவ மறைக்க மாட்டா."

அப்போதுதான் சுண்டெலிக்குப் பசி என்றால் அப்படி ஒரு பசி எடுத்தது.