பானுமதியின் வலது கை

சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லும்போது, தூக்குகிற விதத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்பது ஷாரோனின் கணிப்பு. பள்ளிக்கூட வாத்தியார்கள் முழங்கையோடு சேர்த்து உயர்த்துவார்கள். கட்சிக்காரர்கள் பாதி தூக்கி, பக்கத்தில் யாராவது தூக்குகிறார்களா என்று பார்ப்பார்கள். நன்றாகக் கேட்டும் கேட்கவில்லை என்று சொல்ல வந்தவர்கள் கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்கள். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தம் புகாத பூத்துக்குள், மாட்டிய ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த பானுமதியின் வலது கை இந்தக் கணக்கு எதிலும் சேரவில்லை. விரல்கள் தூங்கிக்கொண்டிருந்தன. மணிக்கட்டுதான் முதலில் எழுந்தது. விரல்கள் பின்னால் தொங்கிக்கொண்டு போயின. யாரோ மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டு, ஒலி நின்றதும் உடையாமல் மடியில் திரும்ப வைப்பதுபோல இருந்தது.

ஷாரோன் ஆடியாலஜியில், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கிற படிப்பில், முதுகலை இரண்டாம் ஆண்டு. செய்யூர்ப் பெண். அவளுடைய அப்பா ஸ்டான்லி மறைமலைநகரில் தகடு அடிக்கும் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்து, சம்பளத்தை வீட்டுக்கும் காதைக் கம்பெனிக்கும் கொடுத்தவர். அவர் போனில் பேசினால் விடுதியில் அடுத்த அறைப் பெண்களும் 'சாப்ட்டேன் அங்கிள்' என்று பதில் சொல்வார்கள். அந்தக் காதைப் பார்த்துத்தான் அவள் இந்தப் படிப்புக்கு வந்தாள். படிப்பு முடிந்ததும் அவருக்குத் தன் கையாலேயே கருவி பொருத்த வேண்டும். அதற்கு மேல் அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது.

பானுமதி நெம்மேலிக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரி. புருஷன் அரசு கடலுக்குப் போனான். படகு திரும்பி வந்தது, அவன் வரவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. சேதி வந்த அன்றைக்கே அவளுக்கு இரண்டு காதும் அடைத்துவிட்டன. கொழுந்தன் பூவராகவன்தான் பைக்கில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணிக்கு சுத்தமா கேக்கல மேடம். முதுகாண்ட பட்டாசு கொளுத்திப் பாத்தேன், திரும்பல. எங்கம்மாதான் திரும்பி வந்து என்னைப் பளார்னு வுட்டுச்சி."

உயிருள்ள காது, தான் வாங்கிய சத்தத்துக்கு மெல்லிசாக ஓர் எதிரொலியைத் திருப்பிக் கொடுக்கும். காதுக்குள் சின்ன மைக் வைத்தால் அது பதிவாகும். பானுமதியின் காதுகள் ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை. நெற்றியில் கம்பி ஒட்டி மூளைக்குச் சத்தம் போகிறதா என்று ஷாரோன் பார்த்தாள். திரையில் கோடு மல்லாந்து படுத்துக்கிடந்தது. இரண்டு காதும் செத்த காதுகள்தான், சந்தேகமில்லை. ஆனால் பூத்துக்குள் உட்கார வைத்தால் ஒவ்வொரு ஒலிக்கும் கை எழுகிறது.

பேராசிரியர் சதாசிவம் தாளைப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார். "மாஸ்கிங் போட்டியாம்மா? போட்டிருக்க மாட்ட. பக்கத்துப் பையன் காப்பியடிக்கக் குடுக்கிற மாதிரி, நல்ல காது கெட்ட காதுக்குப் பதில் சொல்லிக் குடுக்கும். உதவி பண்ற காதுல இரைச்சலப் போட்டு அதை அடக்கினாத்தான் மத்த காதோட உண்மை தெரியும். முதல் வருஷப் பாடம் இது."

"ரெண்டு காதும் போயிடுச்சே சார். உதவி பண்றதுக்கு எந்தக் காது?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் உனக்கு சீட்டுக் குடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

ஷாரோன் மறுபடி உட்கார்ந்தாள். இடது காதில் இரைச்சலைப் போட்டாள்; கை எழுந்தது. வலதில் போட்டாள், எழுந்தது. ஒலியைக் குறைத்துக்கொண்டே போனாள். அவளுடைய நல்ல காதுக்கே எட்டாத அளவுக்குக் குறைத்தாள். குழாய் விளக்கின் முனகல், ஏசியின் பெருமூச்சு, வெளியே திருக்கழுக்குன்றம் பஸ்ஸின் ஹாரன் எல்லாம் தெளிவாகக் கேட்டன, அந்த ஒலியைத் தவிர. கண்ணாடிக்கு அப்பால், வளையல் கழற்றிய இடத்தில் வெளுத்திருந்த அந்த மணிக்கட்டு நிதானமாக மேலே போனது.

அவள் பூத்தின் கனத்த கதவைத் திறந்தாள். வழக்கமாக உள்ளே பழைய கம்பளமும் ஸ்பாஞ்சும் நாறும். இப்போது டீசல் வாடை, ஊறிய கயிற்றின் வாடை, அதற்கும் அடியில் வெயில் படாத தண்ணீரின் வாடை. பானுமதி, காது போனவர்களுக்கே உரிய உரத்த குரலில், வெட்கத்தோடு சொன்னாள்.

"எனுக்கு எங்க கண்ணு கேக்குது? அவருக்குத்தான் கேக்குது. அவருதான் தூக்கிக் காட்டுறாரு."

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"கடலுக்குப் போறப்ப புள்ளைங்க முழிச்சிக்கும்னு வாயத் தொறக்க மாட்டாரு. மணிக்கட்டப் புடிச்சி இப்டித் தூக்குவாரு. நான் எழுந்து டீ வெச்சிக் குடுப்பேன். இன்னிக்கும் அப்டித்தான் எழுப்புறாரு."

ஷாரோன் அந்த மணிக்கட்டைத் தொட்டாள். ஈரம். ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டதுபோல ஒரு குளிர். விரலை எடுத்துப் பார்த்தபோது நுனியில் உப்பு ஒட்டியிருந்தது.

வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே ஓடியிருப்பார்கள். முதுகலை படிக்கிறவர்கள் ஓடமாட்டார்கள். படித்த பாடத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். உதவி பண்ணுகிற காதில் இரைச்சலைப் போட வேண்டும் என்பது பாடம். உதவி பண்ணுகிற காது ஹெட்போனுக்குள் இல்லை. அப்படியானால் அறைக்கே போட வேண்டும். வெளியே வந்து, பூத்துக்குள் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களிலும் இரைச்சலைத் திறந்துவிட்டாள். தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி அது உள்ளே கொட்டியது. கூட்டினாள். ஒலியைக் கொடுத்தாள். மணிக்கட்டு எழுந்தது. இன்னும் கூட்டினாள். மணிக்கட்டு பாதியில் நின்று நடுங்கியது. இன்னும் கொஞ்சம்.

கை மடியில் விழுந்தது. தூக்கி வைத்தது மாதிரி இல்லை. கைவிட்டது மாதிரி.

பானுமதி பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். எழுந்து நின்று இரண்டு கைகளாலும் காற்றைத் துழாவினாள். அவள் வாய் திறந்து மூடுவது கண்ணாடிக்குள் சத்தமில்லாமல் தெரிந்தது. ஷாரோன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடி அவள் கையைப் பிடித்தாள். பிடித்த கணத்தில், இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவே வழவழவென்று எதுவோ நகர்ந்தது.

பானுமதி ஸ்பீக்கர் பக்கம் திரும்பினாள். "இன்னா சத்தம் இது?"

காது வந்துவிட்டது! பூவராகவன் வராந்தாவிலேயே ஆடினான். சதாசிவம் சார், அதிர்ச்சியில் போன காது அதிர்ச்சியில் வந்திருக்கிறது, ஆய்வில் எழுது என்றார். கேன்டீனிலிருந்து பஜ்ஜி வந்தது. பானுமதி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து, தன் வலது கையை இடது கையால் தூக்கிப் பார்ப்பதும் விடுவதுமாக இருந்தாள்.

"எனுக்கு எதுக்கும்மா காது? அவரை இன்னா பண்ண நீ?"

காது பார்க்கிறவர்களுக்குக் காலையில் ஒரு சம்பிரதாயம் உண்டு. முதல் நோயாளி வருவதற்கு முன்னால் தானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன் காதில் ஒலியை விட்டுப் பார்க்க வேண்டும். மெஷின் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க மனிதக் காதைவிட நல்ல கருவி இல்லை. மறுநாள் காலை ஷாரோன் அப்படி உட்கார்ந்தாள். மிகமிகச் சின்ன ஒலியை அழுத்தினாள். கேட்கவில்லை.

மேஜைமேல் கிடந்த அவளுடைய வலது கை எழுந்தது. மணிக்கட்டு முதலில்.

பிறகு ஒவ்வொரு காலையும், கேட்கும் அளவைக் காட்டுகிற அவளுடைய கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. முதலில் ஏசி நின்றது. நிற்கவில்லை, குளிர்ந்துகொண்டுதான் இருந்தது. அப்புறம் காக்கைகள் போயின, தன் செருப்புச் சத்தம் போயிற்று, பஸ் ஹாரன் போயிற்று. மெஷினை மாற்றிப் பார்த்தாள், கோடு மாறவில்லை. காதுக்குள் மைக்கை வைத்துப் பார்த்தாள், எதிரொலி இல்லை. காது இல்லாதவளை யார் காது பார்க்க விடுவார்கள்? சதாசிவம் சாரிடம் சொல்லவில்லை. அவர் உதட்டைப் பார்த்தே தலையாட்டப் பழகிக்கொண்டாள்.

அப்பா போன் பண்ணினார். விடுதியையே அதிரவைத்த அந்தக் குரலுக்காகப் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல முதலில் வந்தது. ஒரு நாள் அதுவும் வரவில்லை. "சரிப்பா... சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த முனையில் அவரும், இவள் சொன்னது கேட்காமல், சரிம்மா சரிம்மா என்றுதான் சொல்லியிருப்பார். அவர் பேசி முடித்துவிட்டாரா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. மணிக்கட்டு மட்டும் எழுந்து எழுந்து இறங்கியது. அப்பா இன்னும் பேசுகிறார் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். பொங்கிய அழுகையில் அந்தக் குளிர்ந்த கையாலேயே முகத்தைத் துடைத்தாள். கன்னமெல்லாம் உப்பு.

பானுமதி தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் வராந்தாவில் நர்ஸ் கையிலிருந்து தட்டு விழுந்தது. எல்லோரும் திடுக்கிட்டார்கள். ஷாரோன் திடுக்கிடவில்லை, அவளுடைய கை எழுந்தது. பானுமதி அதைப் பார்த்துவிட்டாள். கிட்டே வந்து, உதடு தெரியும்படி நிதானமாகக் கேட்டாள்.

"உங்கிட்டவா கீறாரு?"

ஷாரோன் தலையாட்டினாள். பானுமதி கோபப்படவில்லை. அவளுடைய மணிக்கட்டை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"கெட்டவரு இல்லம்மா. அந்தச் சத்தத்துல வழி தெரியாம வந்துட்டாரு. எனுக்கே குடுத்துடு. காதை நீயே வெச்சிக்கோ."

ஒருத்திக்குக் காது வேண்டும், ஒருத்திக்குப் புருஷன் வேண்டும். இரண்டுக்கும் வழி ஒன்றுதான், அதே இரைச்சல். சார் கூட்டத்துக்குப் போன ஒரு மத்தியானம், ஷாரோன் பூவராகவனை மெஷின் முன்னால் உட்கார வைத்துத் திருக வேண்டிய குமிழைக் காட்டினாள். "அட, ரேடியோ மாதிரிதான் கீது" என்று அவன் உதடு சொன்னது. பெஞ்சில், பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனைக்காக ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு காத்திருந்தாள். குழந்தை வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது, ஷாரோனுக்குச் சத்தமில்லாமல்.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, மணிக்கட்டோடு மணிக்கட்டைச் சேர்த்து வைத்தார்கள். பானுமதி தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். பூக்கூட வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

இரைச்சல் தொடங்கியிருக்க வேண்டும். பானுமதி முகத்தைச் சுளித்தாள்.

ஷாரோனின் கை எழுந்தது. நடுங்கியது.

டீசல் வாடை. ஊறிய கயிறு.

கை இன்னும் மேலே போனது. இதுவரை போகாத உயரத்துக்கு. நீந்தத் தெரிந்தவன் கடைசியில் நீட்டுகிற கை மாதிரி.

விழுந்தது.

மழை. தகரத்தில் மழை. கேட்கிறது! அவளுக்குக் கேட்கிறது. காதே கிழிகிற மாதிரி கேட்கிறது. அவள் சிரித்தாள். சிரிப்புகூடக் கேட்டது. பானுமதியைப் பார்த்தாள்.

பானுமதி கண்ணை மூடிக்கொண்டு கையை மடியில் விரித்து வைத்திருந்தாள். காத்திருந்தாள். உதட்டில் சிரிப்பு தயாராக இருந்தது.

கை எழவில்லை.

"அண்ணி! ஆச்சா இல்லியா? பயமா கீதுப்பா!" பூவராகவன் கதவைத் திறந்துவிட்டான். வெளியிலிருந்து குழந்தையின் அழுகை உள்ளே வந்தது. அதைவிட அழகான சத்தத்தை ஷாரோன் கேட்டதில்லை. அதைக் கேட்டுக்கொண்டே வெளியே வந்தாள்.

அழுகை நின்றது.

அம்மா கிலுகிலுப்பையை ஆட்டினாள். "சாமி... இங்க பாரு, இங்க பாரு சாமி." குழந்தை பார்க்கவில்லை. மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூவராகவன் விட்ட கனத்த கதவு, தானாகப் போய்ப் படாரென்று அடித்தது. வராந்தாவே குலுங்கியது. அம்மா துள்ளி எழுந்தாள்.

குழந்தை துள்ளவில்லை.

சுற்றியிருந்த துணியிலிருந்து ஒரு சின்னக் கை எழுந்தது. மணிக்கட்டு முதலில். விரல்கள் தூங்கிக்கொண்டிருந்தன.

"பாருங்களேன், யாரையோ கூப்பிடுறான்" என்று அம்மா சிரித்தாள். "இன்னாடா இது, கையெல்லாம் ஈரம்." முந்தானையால் துடைத்தாள். மறுபடி ஈரம். மறுபடி துடைத்தாள்.

ஷாரோனுக்குப் பின்னால், "என்னாங்க" என்று ஒரு குரல் கேட்டது. மெதுவாக, புள்ளைகள் விழித்துக்கொள்ளாத மாதிரி. பானுமதி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு குழந்தையை நோக்கி நடந்தாள்.

அவளுடைய குரலுக்கு அந்தச் சின்னக் கை இன்னும் உயரமாக எழுந்தது.