நாலில் ஒன்று

பத்மநாதனின் பிணத்தின் மேல் நான்கு பாம்புக்குட்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன...

ஹரோ. 1993 ஆகஸ்ட். காலை ஒன்பது மணி.

மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஓர் இரும்புத் தோசைக்கல்.

டிடெக்டிவ் சார்ஜென்ட் வாசுதேவன் கொட்டாவி விட்டார். இந்த ஆங்கிலேய ஊரில் தமிழன் செத்தால் தமிழனைத்தான் அனுப்புவார்கள். இரவு முழுக்க ட்யூட்டி பார்த்தவன் என்றாலும் சரி!

இறந்தவர் பாம்பு வளர்த்து விற்பவர். அவருடைய விற்பனை நோட்டில் தமிழ்ப் பெயர் ஒன்றே ஒன்று, மூன்று வருடப் பழைய வரி: 'குலசேகரத்துக்கு ஒரு சோடி. இரண்டும் பழுப்பு.'

குலசேகரத்தின் வீடு இரண்டு தெரு தள்ளி. கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். தூங்காத கண்கள்.

"பத்மநாதன் செத்துட்டார் சார். மேல பாம்புக்குட்டிங்க. கடிச்சிருக்கும்னு நினைக்கிறோம்."

"அதுகளுக்கு விசமில்லை, தம்பி. தோசைக்கல்லாலை அடிச்சா ஆர் தப்புவினம்..."

வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் தாமதமாக.

"தோசைக்கல்னு நான் சொல்லவே இல்லையே?"

குலசேகரம் மாடிப்படியில் உட்கார்ந்தார். பொய் சொல்லக்கூட அவரிடம் தெம்பில்லை.

"இந்த ஊரிலை எனக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான். 'சோடி ரெண்டுக்குள்ளையும் வெள்ளை ஒளிஞ்சிருக்கு, குட்டி நாலிலை ஒண்டு வெள்ளை' எண்டு விம்பிள்டன் பிள்ளையார் முன்னாலை சத்தியம் பண்ணினவன். மூண்டு வருசம் ஷிப்டுக்குப் போய்வந்து வளத்தனான். நேற்று நாலு பொரிச்சுது. நாலும் பழுப்பு."

"கொண்டுபோய்க் காட்டினீங்க?"

"ஓம். 'கணக்கு அப்பிடி இல்லையடா' எண்டு சிரிச்சான். பொய்ச்சத்தியம் பண்ணிப்போட்டுச் சிரிக்கிறான் எண்டு நினைச்சு..."

வாசுதேவன் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தார். குலசேகரம் எழுந்து பின்னால் வந்தார். சூடேற்றிய பெட்டி. உள்ளே இன்னும் இரண்டு முட்டைகள்.

"இது?"

"பழுதாப் போச்சு. குழிவிழுந்து சப்பிப்போச்சு, பாருங்கோ. எறியவேணும்."

எறிய வேண்டியிருக்கவில்லை...

ஒரு முட்டையில் கீறல் விழுந்தது. மெல்ல ஒரு தலை வெளியே வந்தது.

வெள்ளை!

சிவந்த கண்களால் அது இருவரையும் பார்த்தது. குலசேகரம் பெட்டியின் மேல் குனிந்தார்.

"அப்ப... அவன் பொய் சொல்லேல்லையோ?"

"இல்ல சார். ஒவ்வொரு முட்டைக்கும் நாலுல ஒரு வாய்ப்பு. முதல் நாலுக்குள்ள ஒண்ணு நிச்சயம்னு யாரும் சொல்லல. நாலும் பழுப்பாவே வரலாம். நீங்க இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கலாம்."

குலசேகரம் அழுதார். சத்தம் வரவில்லை. வாசுதேவனுக்குப் பாவமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது. கைவிலங்கை எடுத்தார்.

"என்னை என்ன செய்வினம், தம்பி?"

"ஜூரியில பன்னிரண்டு பேர் இருப்பாங்க. அதுல மூணு பேர் உங்க பக்கம் நிச்சயம்னு மட்டும் கணக்குப் போட்டுடாதீங்க, சார்."