முதுகுக்காரி

ஆறு வருடம் நான் சினிமா நடிகை ஹேமாங்கினியின் முதுகாக இருந்தேன். குதிரையில் பாய்வது, கிணற்றில் குதிப்பது, மாடியிலிருந்து உருளுவது எல்லாம் நான்தான். கேமரா முகத்துக்கு முன்னால் வந்ததும் அவள் வந்து நிற்பாள், தியேட்டரில் விசில் பறக்கும். அந்தேரி ஸ்டூடியோவில் என்னை யாரும் வத்சலா என்று கூப்பிட்டதில்லை. முதுகுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், வயிறு எரிந்தது. பைகுல்லாவில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்த யூதப் பெண் ரேச்சல்தான் அவள். பெயரை ஹேமாங்கினி என்று மாற்றிக்கொண்டு, மேலுதட்டின் மச்சத்தைக் காட்டிச் சிரித்தே ராணியாகிவிட்டாள். மூக்கும் முழியும் எனக்கு மட்டும் இல்லையா?

படம் முடிய ஒரே ஒரு ஷாட் இருந்தபோது அவளுக்கு டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரிக்கு என்னை வரவழைத்தாள். காய்ச்சலில் கொதிக்கும் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மிச்ச ஷாட்டுக்கு உன்னத்தான் கூப்பிடுவாங்க. முதுகோட நிறுத்திக்க. என் படத்துல உன் மூஞ்சி வரக்கூடாது. சத்தியம் பண்ணு."

சாகக் கிடக்கிறவளுக்கு இந்தக் கவலை! கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மறுநாள் அவள் போய்விட்டாள்.

பத்தாம் நாள் காலை வழக்கம்போல ஏழரை மணி ரயிலில் இறங்கி ஸ்டூடியோவுக்குப் போனேன். மேக்கப் போடும் பாண்டோபா முதுகில் முடிச்சுப் போடும் அவளுடைய பச்சைச் சோளி ரவிக்கையை நீட்டினார். அவள் வியர்வையும் மல்லிகை அத்தரும் அப்படியே இருந்தன.

"துவைக்கலையா அண்ணே?"

"உனக்குத் தெரியாததா? காட்சி முடியறவரைக்கும் துணியில தண்ணி படக்கூடாது. சாயம் மாறினா டைரக்டர் சேட் என்னைத் தொலைச்சிடுவாரு."

போட்டுக்கொண்டேன். இப்போதுதான் யாரோ கழற்றியது போல உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது.

ஷாட் சின்னதுதான். ராணி அரண்மனை ஜன்னல் வரை நடந்து போய், முதுகைக் காட்டியபடி நிற்க வேண்டும். டைரக்டர் ஹோர்முஸ் சேட் குரல் கொடுத்தார். கேமரா ஓடும் சத்தம் கேட்டது. நடந்தேன், நின்றேன்.

இந்த ஒரு வாய்ப்பை விட்டால் சாகும்வரை முதுகுதான் என்று தோன்றியது. சேட் ஒரு தடவை என் முகத்தைத் திரையில் பார்த்தால் போதும்.

சோளியின் முடிச்சு தானாக இறுகியது.

அத்தர் வாசனை மூக்கை அடைத்தது.

பிடரியில் சூடான மூச்சு.

"திரும்பாதே."

திரும்பினேன்.

பின்னால் யாரும் இல்லை. விளக்குகளும் கேமராவும் வாயைப் பிளந்து நின்ற பாண்டோபாவும்தான்.

"உன்ன யாரும்மா திரும்பச் சொன்னது?" என்று சேட் கத்தினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "மூஞ்சி தேவலாம் போலிருக்கே. நாளைக்கு ஓட்டிப் பார்ப்போம். பிலிம்ல நல்லா விழுந்திருந்தா அடுத்த படத்துல நீதான்."

அன்று நான் ரயிலில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மதியம் ஸ்டூடியோவின் சின்னத் திரையில் ஓட்டினார்கள். பச்சைச் சோளி ஜன்னலை நோக்கி நடந்தது. என் நடை, என் இடுப்பு. நின்றது. திரும்பியது.

மேலுதட்டில் மச்சம்.

ஹேமாங்கினி திரையிலிருந்து நேராக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பாண்டோபா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். சேட் மட்டும் வியாபாரி. "பழைய ஷாட் ஏதாவது கலந்திருக்கும்" என்று முணுமுணுத்து அதையே படத்தில் சேர்த்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு ஊரே அழுதது. செத்தும் என் ஷாட்டைப் பிடுங்கிக்கொண்டாளே என்று நானும் அழுதேன்.

என் முகம் விழாமல் போனாலும் சேட் வாக்குத் தவறவில்லை. அடுத்த படத்துக்காக என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். மூன்று நாள் கழித்து போட்டோக்காரர் வெளிறிப்போய் வந்து மேஜையில் படங்களைப் பரப்பினார். பன்னிரண்டு படம். பன்னிரண்டிலும் என் பின்னல், என் முதுகு.

"என்னப் பாத்துத்தான் உக்காந்திருந்தாங்க சேட், என் புள்ளைங்க மேல சத்தியம்."

சேட் என்னைப் பார்க்காமலே, "நீ வீட்டுக்குப் போம்மா" என்றார்.

அதற்கப்புறம் நான் எந்தக் கேமரா முன்னும் உட்காரவில்லை. கண்ணாடி போதும் எனக்கு. அதிலாவது என் முகம் இருந்தது.

இன்று காலை குங்குமம் வைத்துக்கொள்ளக் கண்ணாடி முன் நின்றேன். விரல் நெற்றியைத் தொட்டது. கண்ணாடிக்குள் என் முகம் இல்லை; ஒரு பின்னல் தொங்கியது.

அதன் கீழே பச்சைச் சோளியின் முடிச்சு.

மல்லிகை அத்தர் மணத்தது. முதுகைக் காட்டியபடியே கண்ணாடிக்குள்ளிருந்து அவள் மெல்லக் கேட்டாள்.

"சத்தியம் பண்ணினியேடி?"