காய்ந்துபோன ஒட்டுப்பட்டை

"ஒரு கேள்விகூடக் கேட்காம திருடனைப் பிடிப்பேன் மச்சான். ஒருதடவை வெறும் தும்மல்லயே மூணு பேரைப் பிடிச்சேன். நாலாவது ஆள் பக்கத்து ஊர்லேர்ந்து தானா ஓடிவந்து சரணடைஞ்சான்."

மூக்கர் இப்படி அளப்பதைக் கேட்டுக் கேட்டு மச்சானுக்குக் காது புளித்துப்போயிருந்தது. "தும்மலா, புயலா மாப்பிள்ளை?" என்று மச்சான் கேட்கும்போதே அவருடைய மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"மாமா, என்னைப் பித்தலாட்டக்காரின்னு சொல்லிட்டாங்க!"

குறைமாதக் குழந்தைக்கு மூச்சு நின்றால் கைப்பேசியை அலறவைக்கும் ஒட்டுப்பட்டை, அவள் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது. ஜவ்வுபோல் நீளும், தோலோடு தோலாக ஒட்டும். விடுமுறை முடிந்து குழுவின் முன் எடுத்து ஒட்டினால், பேச்சுமூச்சில்லை. இன்று மதியம் கூட்டம் போட்டு அவளை வேலையை விட்டே நீக்கப்போகிறார்கள்.

"பழைய முடிவெல்லாம் ஜோடனைன்னு மின்கலப் பிரிவுத் தலைவர் மேசையைத் தட்டிக் கத்துறாரு!"

அவள் நீட்டிய டப்பாவை மூக்கர் திறந்தார். பட்டை சருகாகச் சுருண்டிருந்தது. கிழிசலோ கீறலோ இல்லை. அவள் வைத்த ஈரப் பஞ்சும் மொறமொறத்தது.

"இதுல பாதி தண்ணி மாமா. காஞ்சா செத்துரும். ஆனா இவ்வளவு இறுக்கமான மூடி, தானா காயாது."

"இதை வச்சிருந்த அலமாரிச் சாவி யார்கிட்டல்லாம் இருக்கு?" என்றார் மச்சான்.

"கேட்டது நீங்க. என் கணக்குல சேராது" என்றார் மூக்கர்.

சாவி வைத்திருந்தவர்கள்: மின்கலப் பிரிவுத் தலைவர், பட்டையில் வெள்ளி மையால் மின்சுற்று அச்சிடுபவர், கிடங்குப் பொறுப்பாளர். மச்சானோடு ஆய்வுக்கூடத்துக்குப் போன மூக்கர், மகள் அவசரமாகச் செய்த புதுப் பட்டைகளை ஆளுக்கொன்றாக டப்பாவோடு மூவரிடமும் கொடுத்தார். "கூட்டம் முடியிற வரைக்கும் பத்திரமா வச்சிருங்க."

அச்சிடுபவர் பஞ்சை நனைத்து உள்ளே வைத்தார். பொறுப்பாளர் டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். தலைவர் வாயால் அவளை ஏசிக்கொண்டே, கையால் மூடியைத் திறந்து, தம் அறை உலர்பெட்டிக்குள் டப்பாவை வைத்தார்.

மூக்கர் பின்னாலேயே போய் அந்தக் கதவை அகலத் திறந்தார். உள்தட்டில் நாலைந்து பட்டைகள் சருகாகச் சுருண்டு கிடந்தன.

"என் வடிவம்! இன்னைக்குவரை யாருக்குமே கொடுக்காத வடிவம்!" என்று அலறினாள் மகள்.

"கெடுக்க வந்தவன்னா கிழிச்சிருப்பான்," என்றார் மூக்கர். "இது பத்திரப்படுத்திப் பழகின கை. மின்கலக்காரங்களுக்கு ஈரம்னா எமன். எது கையில கிடைச்சாலும் உலர்பெட்டிக்குத்தான் போகும். ஐயா விடுமுறைல காப்பியடிக்க எடுத்தாரு, பழக்கதோஷத்துல காயவச்சுத் திருப்பி வச்சுட்டாரு. மூலமும் போச்சு, நகலும் போச்சு."

"அதனாலதான் சொல்றேன்!" என்று தலைவர் கொதித்தார். "நானே எத்தனையோ தடவை செஞ்சு பார்த்தேன், ஒண்ணுகூட வேலை செய்யல! சுத்தப் பித்த..." அங்கேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். சத்தம் கேட்டுக் குழுவினர் வாசலில் நின்றிருந்தார்கள்.

"திருடினது நீங்க, பித்தலாட்டக்காரி நானா? குழந்தைங்க உயிர் சார் இது!" அச்சிடுபவரின் டப்பாவிலிருந்த ஈரப் பட்டையை எடுத்து, தலைவரின் கழுத்துக்குக் கீழே பச்சக்கென்று ஒட்டினாள் அவள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றார்.

அவள் கைப்பேசி அலறியது.

கூட்டம் நடந்தது, அவரை நீக்குவதற்காக.

வீட்டில் மூக்கர் மனைவியிடம் கதையை விரித்தார். அந்த அலறலில் மூன்று தெருவுக்குக் கண்ணாடி நொறுங்கியதாம். ஒரு கேள்விகூடக் கேட்காமலே பிடித்தாராம்.

"அண்ணே, இதுல எதையாவது நம்பலாமா?" என்றாள் அவள்.

மச்சான் மோவாயைச் சொறிந்தார்.

"கண்ணாடி பொய்" என்றார். "ஆனா கேள்வி கேட்கலம்மா. நான் கூடவே இருந்தேன். ஒண்ணுகூடக் கேட்கல."