நடுவில் இரண்டு மைல்

டிசம்பர் இருபத்து நாலாம் தேதி பிற்பகல் மூன்றரை மணிக்கு தியோஃபில் தன் கரி லாரியைக் காஸ்பரின் மதுக்கடைப் பின்வாசலில் நிறுத்தினான். அன்றைய கடைசி நடை அது. வண்டியில் மிச்சமிருந்த நான்கு மூட்டைகளையும் இறக்கிக் கிடங்குக் குழியில் கொட்டினான். பாரம் இறங்கியதும் வண்டி உயர்ந்துகொண்டது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் முனகி அடங்கின. ஆறு வருடமாக இந்த வண்டியை ஓட்டுகிறவன் அவன். எத்தனை மூட்டை இருக்கிறது என்பதைத் திரும்பிப் பார்க்காமலே அந்த முனகலை வைத்துச் சொல்லிவிடுவான்.

"வா மாப்ளே" என்றான் காஸ்பர். "இன்னிக்காவது கரி முழுசா வந்துச்சா, இல்ல கல்யாண நெனப்புல பாதிய ரோட்டுல கொட்டிட்டு வந்தியா?"

ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம். பெண் வலேரியா. அவள் கையால் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். கடைக் குழாயடியில் சோப்பும் பிரஷும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவி, நகக்கண்களை ஊசியால் சுத்தம் செய்து, சட்டையை மாற்றிக்கொண்டான். வானத்தில் முதல் வெள்ளி முளைத்துத் தெரிவதற்குள் வலேரியாவின் வீட்டில் இருக்க வேண்டும். வெள்ளி தெரிந்த பிறகுதான் சாப்பாடு. அதுவரை ஊர் முழுக்கப் பட்டினி.

காஸ்பர் துண்டை நீட்டினான். உடனே போகாமல் நின்றான்.

"உங்கிட்ட சொல்லலாமா கூடாதான்னு தெரியல. செத்தது நீ பொண்ணு கட்டப்போற வீட்டுப் பொண்ணாச்சே."

"சொல்லு."

முந்தின நாள் சாயங்காலம் ஒரு டாக்சிக்காரன் வந்தானாம். இரண்டு கிளாஸ் உள்ளே போகும்வரை அவனுக்குப் பல் தந்தியடித்துக்கொண்டே இருந்ததாம். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு பெண் கை காட்டியிருக்கிறாள். வெள்ளை கவுன், கோட்டு இல்லை, ஒரு காலில் செருப்பு இல்லை. ஏற்றிக்கொண்டான். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம், இன்னும் எவ்வளவு தூரம் என்று. பிறகு திரும்பிப் பார்த்தால் இருக்கை காலி. ஈரம் மட்டும் இருந்தது.

"எந்த எடத்துல?" என்றான் தியோஃபில்.

"மாதா கோயில் முனையில."

தியோஃபில் துண்டை மடித்தான். மறுபடி விரித்து மடித்தான்.

"இன்னொன்னும் சொன்னான்" என்றான் காஸ்பர், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "வலது கையில, முழங்கைக்கு மேல, அஞ்சு வெரல் தடம் இருந்துச்சாம். கருப்பா. கரி புடிச்ச கை மாதிரி."

லோஜா, வலேரியாவின் தங்கை, பிப்ரவரியில் செத்துப்போனாள். தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, அந்த வருடத்தின் கடைசி நடனம். அன்று தியோஃபில் பழகிக்கொண்டிருந்தது லோஜாவுடன்தான், அக்காவுடன் இல்லை. அவள் தொப்பிக் கடைக்காரன் ஒருவனோடு மூன்று முறை ஆடினாள். திரும்பி வரும்போது வண்டியில் இவன் அதைக் கேட்டான். அவள் சிரித்தாள். "இந்தக் கரிக் கையோட காலம் பூரா யாரு குடும்பம் நடத்துறது? வேணும்னா அக்காவைக் கேட்டுப் பாரு" என்றாள்.

கல்லறை வாசலில் வண்டியை நிறுத்தினான். சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கரி படிந்த கதவைத் திறந்து, கையைப் பிடித்து இழுத்து இறக்கினான். செருப்பு ஒன்று படியில் சிக்கிக் கழன்றது. நடந்து வா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான். அதையும் சொல்ல வேண்டும். வாசலில் யாரும் இல்லை. யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தான். நினைத்தானா, நினைக்க ஆசைப்பட்டானா என்பது அவனுக்கே நிச்சயமில்லை. வண்டியை விட்டு இறங்கியிருந்தால் பார்த்திருப்பான். வாசலின் கல்தூணுக்குப் பின்னால், காற்று படாத பக்கமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் விபூதிப் புதன் காலையில் குழி வெட்டுகிறவன்தான் குளிரில் விறைத்துக் கிடந்த அவளைக் கண்டான். அந்த முழங்கால்களை நீட்ட முடியவில்லை.

போலீசிடம் தியோஃபில் சொன்னது இது: மாதா கோயில் முனையில் இறக்கிவிட்டேன், வீடு அங்கிருந்து மூன்றே தெரு, பிறகு யாரோ காரில் கூட்டிப்போயிருக்க வேண்டும். இரண்டு வாரம் அந்தக் காரைத் தேடினார்கள். இல்லாத கார் எப்படிக் கிடைக்கும்?

கோயில் முனையிலிருந்து கல்லறை வாசல் சரியாக இரண்டு மைல். வீட்டுத் தெருமுனையில் இறங்கிய பெண், ஒரு காலில் செருப்போடு, அந்தக் குளிரில் இரண்டு மைல் திரும்பி எப்படிப் போனாள்? ஊருக்கு அது பிடிபடவில்லை. பிடிபடாததை ஊர் சும்மா விட்டு வைக்காது. கல்லறை கூப்பிட்டது என்றார்கள். இன்னும் வீட்டுக்கு வரப் பார்க்கிறாள் என்றார்கள். அந்தப் பேச்சுக்கு விதை போட்டவன் தான்தான் என்று தியோஃபிலுக்குத் தெரியும். தான் சொன்ன பொய்யில் ஒரு ஓட்டை இருந்தது. ஊர் அதை ஒரு பேயை வைத்து அடைத்துவிட்டது. ஆரம்பத்தில் அது அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

மே மாதம் முடி வெட்டும் கடையில் முதல் கதை. பால் வண்டிக்காரன் ஏற்றினானாம். நகருவதற்குள் வாசலிலேயே மறைந்துவிட்டாளாம். கழுத்தில் மென்மயிர்த் தோல் பட்டை போட்டிருந்தாளாம். லோஜாவிடம் அப்படி ஒன்று கிடையாது. தியோஃபில் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

ஜூலையில் வேறொருவன். அந்தக் கதையில் மென்மயிர் இல்லை. செங்கல் சூளை வரை வந்து மறைந்தாள். அது வாசலிலிருந்து அரை மைல்.

செப்டம்பரில் கால்வாய்ப் பாலம். ஒரு மைல். ஒரு காலில் செருப்பு இல்லை என்பது அப்போதுதான் கதைக்குள் வந்தது.

நவம்பரில், இறந்தோர் நினைவு நாளன்று, ரயில் கேட். ஒன்றரை மைல்.

ஒருவன் வாயிலிருந்து இன்னொருவன் வாய்க்குப் போகும்போது கதை பெருகும், கை கால் முளைக்கும். இந்தக் கதை மட்டும் ஒவ்வொரு வாயிலும் ஒரு பொய்யை உதிர்த்துக்கொண்டே வந்தது.

இப்போது கோயில் முனை. விரல் தடமும் வந்துவிட்டது.

அந்தத் தடத்தைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதில்லை. சவப்பெட்டியில் அதே வெள்ளை கவுனில்தான் அவளைக் கிடத்தியிருந்தார்கள். கவுனின் வலது கை சுத்தமாக இருந்தது. அவன் முதலில் பார்த்ததே அதைத்தான்.

பத்து மாதமாக அவன் கல்லறைச் சாலைப் பக்கம் போனதில்லை. ஆனால் கோயில் முனையைத் தவிர்த்து வலேரியாவின் வீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. நாலேகாலுக்கு அங்கே வந்து சேர்ந்தான். டிராம் ஒன்று குறுக்கே போக, காத்து நின்றான். பனி கொட்டிக்கொண்டிருந்தது. இறைச்சிக் கூடங்கள் அன்று அரை நாளோடு மூடியிருந்ததால் காற்றில் வழக்கமான ரத்த வாடைகூட இல்லை.

டிராம் போய்விட்டது.

பக்கத்து இருக்கை இருந்த வலது பக்கம் மெல்ல அமிழ்ந்தது.

ஸ்பிரிங் பட்டை ஒரு முறை முனகியது. கரி மூட்டையின் எடை அதற்கு இல்லை. ஒரு மூட்டையைவிடக் கொஞ்சம் குறைவு. எடை போட்டுப் பழகிய மனம் தானாகவே கணக்கிட்டுவிட்டது. அதற்காக அந்த மனத்தை அவன் வெறுத்தான்.

திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று தெரு. கண்ணாடியில் பனி விழுவதையும் வழிவதையும் மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினான். ஈரத் துணியின் வாடை வந்தது. வீட்டு வாசலில் நிறுத்தினான். பட்டை மறுபடி முனகியது.

வலது பக்கம் உயர்ந்துகொண்டது.

கதவைத் திறந்தவள் அகத்தா, வலேரியாவின் அம்மா. தியோஃபில் உள்ளே வந்து கோட்டைக் கழற்றி மாட்டினான். அவள் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள், பின்னால் வருகிற இன்னொருவருக்காக நிற்பதுபோல. பிறகுதான் சாத்தினாள்.

அன்றைய வழக்கப்படி விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்பி மேசை தயாராக இருந்தது. பீட்ரூட் ரசத்தின் புளிப்பும் காளானும் மணத்தன. ஐந்து தட்டுகள். அகத்தா, வலேரியா, டிராம் கண்டக்டராக இருக்கும் தாய்மாமன் இக்னாஸ், தியோஃபில். ஐந்தாவது தட்டு, எந்த வீட்டிலும் வைப்பதுபோல, சொல்லாமல் வந்து கதவைத் தட்டுகிறவருக்கு. அந்த நாற்காலி தியோஃபிலின் வலது பக்கத்தில் இருந்தது.

"நாலு பேரு" என்று எண்ணினார் இக்னாஸ். "ரெட்டைப்படை. ஒத்தைப்படையா உக்காந்தா அடுத்த வருசம் ஒருத்தர் கொறையும்பாங்க. நமக்கு அந்தக் கவலையில்ல. எல்லாரும் ஊதிட்டு உக்காருங்க. போன வருசம் நான் மறந்துட்டேன். எங்க பாட்டன் மடியிலயே உக்காந்திருப்பேன் போல, ராத்திரி பூரா இடுப்பு வலி."

வலேரியா சிரித்தாள். அன்று சாயங்காலம் செத்தவர்கள் வீட்டுக்கு வந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். உட்காரும் முன் ஊதி அவர்களை எழுப்பிவிட வேண்டும். நான்கு பேரும் குனிந்து ஊதினார்கள். தியோஃபில் தன் நாற்காலியில் இரண்டு முறை ஊதினான்.

பனி நின்று மேகம் விலகியிருந்தது; ஜன்னலில் முதல் வெள்ளி தெரிந்தது. அகத்தா வெள்ளை அப்பத் தகட்டை எடுத்தாள். ஒருவர் கையில் உள்ளதை மற்றவர் பிட்டுத் தின்ன வேண்டும். அதற்கு முன் மனத்தில் உள்ள குறையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். இக்னாஸ், அகத்தாவின் வாத்தைப் போன கோடையில் டிராமில் நசுக்கியது தன் சிநேகிதன்தான் என்று ஒப்புக்கொண்டார். வலேரியா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அகத்தா தியோஃபிலுக்கு எதிரே வந்து நின்றாள். தகட்டை நீட்டினாள். ஆனால் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அந்த கவுனை மூணு தடவ தொவச்சேன், தம்பி" என்றாள், மிக மெதுவாக. "வலது கைப் பக்கம் இருந்த கரித் தடம் போகவே இல்ல. கடைசில எலுமிச்சம் பழம் போட்டுத் தேச்சேன். நான் யாருகிட்டயும் சொல்லல. இன்னிக்கு நாள் வரைக்கும் காத்திருந்தேன். இன்னிக்கு யாரு மன்னிப்பு கேட்டாலும் இல்லேன்னு சொல்லக் கூடாது. கேளு. பிட்டுக்கலாம்."

வலேரியா தலையைத் தூக்கினாள். அவள் கண்ணீர் இன்னும் காயவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான் தியோஃபில். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம். ஒரே ஒரு வாக்கியத்தில் அது முழுக்கப் போய்விடும்.

"கோயில் முனையிலதான் எறக்கிவிட்டேன், அத்தை" என்றான்.

வலது கையை யாரோ பிடித்தார்கள்.

முழங்கைக்கு மேலே. குளிர் சட்டைத் துணியைத் தாண்டி எலும்பு வரை இறங்கியது. பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதன் இருக்கையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"உங்க கையில என்ன?" என்றாள் வலேரியா.

அவள் தைத்த வெள்ளைச் சட்டையில் ஐந்து கரித் தடங்கள் இருந்தன. வலேரியா எழுந்து வந்தாள். அது அவன் கையே பட்டதா, வேறு யார் கையோ பட்டதா என்று தெரிந்துகொள்ள, தன் விரல்களை அந்தத் தடங்களின் மேல் வைத்துப் பார்த்தாள். அவள் விரல்கள் தடங்களைவிட நீளமாக இருந்தன.

"உன் கை பெருசு" என்றாள் அகத்தா. "அவளுக்கு எப்பவும் சின்னக் கை."

இக்னாஸ் அறையில் இருந்தவர்களை மறுபடி வாய்க்குள் எண்ணத் தொடங்கினார். ஐந்தில் நின்றுவிட்டார்.

"எங்க எறக்கிவிட்டீங்க?" என்றாள் வலேரியா.

பிடி இறுகியது.

"கல்லறை வாசல்ல" என்றான் தியோஃபில்.

யாரும் அழவில்லை. வலேரியா விரல்களை எடுத்துக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். அகத்தா அப்பத் தகட்டை இரண்டாகப் பிட்டாள். ஒரு துண்டை ஐந்தாவது தட்டில் வைத்தாள். இன்னொன்றைத் தன் கையிலேயே மூடிக்கொண்டாள்.

"அப்பப் போ" என்றாள். "விட்ட எடத்துலேருந்து கூட்டிட்டு வா. சாப்பாடு ஆறிடும்."

கோட்டை எடுக்கத் தோன்றவில்லை. பனியில் வெள்ளைச் சட்டையோடு நடந்து, வண்டிக் கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்தான். இன்று அந்த இரண்டு மைலை ஓட்டித்தான் ஆக வேண்டும். சாவியைத் தேடினான். ஜன்னலில் வலேரியாவின் நிழல் தெரிந்தது. திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஸ்பிரிங் பட்டைகள் முனகின. அவன் ஒருவனுக்கு அவ்வளவு அமிழாது.

வலது பக்கம் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. அங்கே ஈரமும் இல்லை.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உட்காரும் முன் ஊதவில்லை.

அவனுக்கு அடியில் இருந்தது இருக்கையின் குளிர்ச்சி அல்ல. நீட்டவே முடியாமல் மடங்கிப்போன இரண்டு முழங்கால்கள் அவன் தொடைக்குக் கீழே தெரிந்தன. பிடரிக்கு மிக அருகில், மூச்சில்லாத ஒரு குரல் கேட்டது.

"இன்னும் எவ்வளவு தூரம்?"