கைப்பையைக் கொட்டிய காலை

காலை ஒன்பது பத்து. தலைவியிடம் சாவி வாங்கி, கூட்ட அறையின் மர அலமாரியைத் திறந்த செயலாளர் அப்படியே நின்றுவிட்டார். கடிகாரம் வைத்திருந்த குட்டி மெத்தை இருந்தது, கடிகாரம் இல்லை.

எண்பது வருஷமாகக் கோட்டுக் கைக்குள் நழுவும் மெல்லிய கடிகாரங்களையே செய்துவந்த நிறுவனம் அது. ஓடவும் நீந்தவும் தோதான தடித்த ஸ்போர்ட்ஸ் வாட்ச் இனிச் செய்வதா வேண்டாமா என்று பத்து மணிக்கு ஓட்டெடுப்பு. காணாமல் போனது அதற்காகச் செய்திருந்த ஒரே ஒரு மாதிரிக் கடிகாரம்.

பூட்டு உடைபடவில்லை. சாவி இரண்டே. ஒன்று நிறுவனத்தின் தலைவியான அக்காவிடம், மற்றது மாதிரியை உருவாக்கிய அவர் தம்பியிடம். ஒரு வருஷமாக அக்கா இந்த யோசனைக்கு முட்டுக்கட்டை.

பழுது பார்க்கும் பிரிவின் தலைவரைக் கூப்பிட்டார்கள். முன்பொருமுறை தொலைந்த வைரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததிலிருந்து அவருக்கு லென்ஸ்காரர் என்றே பெயர். அந்தப் பெயர் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது.

ஒன்பது இருபது.

"கடைசியா எப்ப பார்த்தீங்க?" என்று தம்பியிடம் கேட்டார் லென்ஸ்காரர்.

"நேத்து சாயந்திரம். ஊர்லேர்ந்து வந்ததும் பார்த்துட்டுப் பூட்டினேன்," என்றார் தம்பி. இரண்டு வாரம் கடலோரம் விடுமுறையில் இருந்தவர்.

"கையில கட்டிப் பார்த்தீங்களா?"

"ஒரு தடவைகூட இல்ல. கீறல் விழுந்துடுமே."

தண்ணீர் ஊற்றத் தம்பி கையை நீட்டியபோது சட்டைக் கை மேலேறியது. வெயிலில் கறுத்த மணிக்கட்டு. நிறுவனத்தின் மெல்லிய கடிகாரம். தோல்வாரின் இருபுறமும் வெளுத்த சருமம். லென்ஸ்காரர் பார்த்தார். ஆனால் மனசெல்லாம் அக்காவிடம் இருந்தது. எட்டரைக்கே வந்து இந்த அறையில் தனியாக இருந்ததாக அவரே சொல்லியிருந்தார்.

பைகளைத் திறந்து பார்த்துவிடலாமே என்றார் தம்பி. ஓட்டுப் போட வந்திருந்த ஆறு இயக்குநர்கள் பார்க்க, லென்ஸ்காரர் அக்காவின் கைப்பையை மேஜைமேல் கொட்டினார். சீப்பு, மாத்திரை அட்டை, கைக்குட்டை, மடித்த காகிதம். வேகத்தில் அதையும் பிரித்து, அக்காவின் கையெழுத்தில் இருந்ததை உரக்கப் படித்தார்.

"தம்பி சொல்றதுதான் சரி. ஸ்போர்ட்ஸ் வாட்ச் செய்யலாம். என் ஓட்டு அவனுக்கே."

அக்கா மாத்திரை அட்டையைக் கைக்குட்டையால் மூடினார். லென்ஸ்காரருக்குக் காது சுட்டது. அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கண்ணைத் தாழ்த்தினார். எதிரே தம்பியின் மணிக்கட்டு.

"கையைக் காட்டுங்க," என்றார் தம்பியிடம். "நம்ம கடிகாரத்துக்கு வார் ஒரு விரல் அகலம். உங்க கையில வெளுத்திருக்கிறது ரெண்டு விரல். அவ்வளவு அகலமா நாம செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். கட்டினதே இல்லேன்னு ஏன் சொன்னீங்க?"

தம்பி கால்சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து வைத்தார். கண்ணாடிக்குள் ஆவி படர்ந்திருந்தது, முள் நின்றிருந்தது. கடலில் நீந்தியபோது தண்ணீர் புகுந்துவிட்டதாம். நூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

"அந்தக் காகிதத்தைப் படிச்சப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்டா," என்றார் அக்கா.



பத்து மணிக்கு ஓட்டெடுப்பு நடந்தது. செய்யலாம் என்றே அக்கா கை தூக்கினார். ஆனால் அதைச் செய்யும் பொறுப்பு தம்பிக்கு இல்லை, வேறொருவருக்கு என்றார். தம்பியும் கை தூக்கினார், பாதி உயரம்.

எல்லாரும் போனபின் லென்ஸ்காரர் சீப்பை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனார். "மன்னிச்சிடுங்கம்மா" என்று சொல்ல வாயெடுத்தார்.

"விடுங்க," என்றார் அக்கா. "நானே எடுத்து வெச்சுக்குறேன்."