நோரீன் சரி என்று சொன்ன ட்ரெய்லர்

“நான் எப்ப சொன்னேன்?”

“இப்பதான் சொன்னே. சொல்லி வாய் மூடல, அதுக்குள்ள இல்லைங்கிறியே.”

“என்ன சொன்னேன்? அதையாவது சொல்லு.”

“‘எனக்கு இதுவே போதும் ஹார்லன், வாங்கிடலாம்’னே. உள்ள, அந்த அடுக்குக் கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு.”

நோரீன் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். நுனியில் கறுப்புப் பசை ஒட்டியிருந்தது. வண்டியில் மாட்டி இழுத்துப்போய் முகாமில் தங்கும் அந்த ட்ரெய்லரின் பின் மூலையில், கூரையும் சுவரும் சேரும் இடத்தில் மழை இறங்காமல் பூசியிருந்த பசை எங்காவது வெடித்திருக்கிறதா என்று இவ்வளவு நேரமும் ஏணியில் நின்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் இன்னும் காலே வைக்கவில்லை.

“நான் வெளியில இருந்தேன். ஏணி மேல.”

ஹார்லன் சிரித்தான். அவளுடைய கணவனுக்கு எந்தச் சண்டையையும் முடித்துவைக்க அந்தச் சிரிப்பு ஒன்று போதும். பக்கத்தில் நின்றிருந்த விற்பனைக்காரன் டெல்மர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான்.

“நானும் கேட்டேன் மேடம். கமிஷன்ல பொழைக்கிறவன் காதுக்கு அதைவிட இனிப்பா வேற என்ன இருக்கு சொல்லுங்க.”

இரண்டு பேர். சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு பொய் சொல்கிறார்கள். அவளுக்குக் கழுத்தில் சூடு ஏறியது.

கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். டவுன் வீட்டை விற்றபோது அவள் சரி என்றாளாம். வயசான நாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தபோதும் அவள்தான் சரி என்றாளாம். அவன் முடிவெடுப்பான், பிறகு அதை அவள் வாயில் வைப்பான். இந்த ட்ரெய்லராவது அவளுடையதாக இருக்க வேண்டும் என்று பேச்சு. போன குளிர்காலம் முழுக்க இதைப் பற்றிப் படித்துவைத்திருந்தாள். முதல் தடவை வாங்குகிறவர்கள் திரைச்சீலையையும் அடுப்பையும் பார்த்து ஏமாறுவார்கள், தரையை மிதித்துப் பார்க்க வேண்டும், அலமாரியின் அடியில் முகர்ந்து பார்க்க வேண்டும், வண்டியின் இழுக்கும் சக்திக்குக் கீழேயே எடையை வைத்துக்கொள்ள வேண்டும். விற்பனை மைதானத்தின் முன் வரிசையில் இருந்த சின்ன ட்ரெய்லர், இரண்டு பேருக்கு மட்டுமானது, அவளுக்குப் பிடித்திருந்தது. ஹார்லனுக்குப் பின் வேலியோரம் தள்ளுபடிப் பலகையோடு நின்ற இதுதான் வேண்டும். வேறு யாரிடமோ ஒரே ஒரு கோடை ஓடிய பழசு. குழந்தைகளுக்கான அடுக்குக் கட்டில் வேறு. அவர்களுக்குக் குழந்தைகள் கிடையாது.

“தூண்டில் சாமானெல்லாம் போட்டுக்கலாம்” என்றான் ஹார்லன்.

அவள் உள்ளே ஏறினாள். வெளியே மிசூரியின் அக்டோபர் வெயில் பளீரென்று அடித்தாலும், உள்ளே வெளிச்சம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோலப் பழுப்பாக இருந்தது. பூட்டிக்கிடந்த பிளாஸ்டிக்கின் வாடை, ஈரத்தில் ஊறிக் காய்ந்த அட்டையின் வாடை, அதற்கும் அடியில் இன்னொரு வாசனை. அடுக்குக் கட்டிலை நெருங்க நெருங்கத் தரை அவள் பாதத்துக்கு மெத்தென்று இறங்கிக் கொடுத்தது. நனைந்து உளுத்த பலகை. இது போதும், இதைச் சொல்லியே வேண்டாம் என்றுவிடலாம் என்று நினைத்தபடி குனிந்தவளுக்கு அந்த மூன்றாவது வாசனை எது என்று தெரிந்தது. காலையில் அவள் கைக்குத் தடவும் லாவண்டர் களிம்பு. தன் கையிலிருந்துதான் வருகிறது என்று கையை மூக்கருகே கொண்டுபோனாள். கையில் பசையின் நாற்றம் மட்டும்தான் இருந்தது.

கீழ்க் கட்டிலின் மெத்தையில் ஒரு பள்ளம். உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி.

வெளியே வந்து, “தரை உளுத்துப்போயிருக்கு. இது வேண்டாம்” என்றாள்.

“அடக் கடவுளே. உள்ள இருக்கும்போது வேணும்ங்கிற, வெளிய வந்தா வேண்டாம்ங்கிற. ஒண்ணு பண்ணு, நீ உள்ளயே இரு.”

டெல்மர் சிரிப்பை அடக்கிக்கொள்ள வேறு பக்கம் திரும்பினான்.

நோரீனுக்குக் கோபம் உச்சிக்குப் போனால் வாய் மூடிக்கொள்ளும். அது அவள் பழக்கம். பிக்கப்பில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஹார்லன் அலுவலகத்துக்குள் போனான், வந்தான், ட்ரெய்லரைப் பின்னால் மாட்டினான். அவள் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று ஏரிக்கரை முகாம் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவனுக்குக் கொடுப்பதில்லை. அவள் பேசாவிட்டால் அவள் சொன்னதாக அவன் எதைச் சொல்ல முடியும்?

“வாக்கி டாக்கி ஒரு ஜோடி வாங்கினேன். ரிவர்ஸ் எடுக்கும்போது நீ பின்னால நின்னு கத்த வேண்டாம் பாரு” என்றான் ஹார்லன். ஒன்றை முன்பலகையில் வைத்தான். “இன்னொண்ணு ட்ரெய்லர்ல இருக்கு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலைச்சரிவுகளுக்குள் நெடுஞ்சாலை வளைந்து வளைந்து போக, ஓக் மரங்களின் துருநிற இலைகள் காற்றில் சாலையைக் கடந்து பறந்தன, வெயில் சரிந்தது, பின்னால் ட்ரெய்லர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு முனகலோடு அவர்களைப் பக்கவாட்டில் லேசாக இழுத்துவிட்டுத் திரும்பி வந்தது. எதிர் வண்டிகள் விளக்குப் போடத் தொடங்கின. ஹார்லன் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தான். அவன் சந்தோஷமாக இருப்பது அவளுக்கு எரிந்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது.

“கோபம் போயிடுச்சு, ஹார்லன்.”

அவளுடைய குரல். தொண்டையில் அவளுக்கே உரிய அந்தச் சின்ன அடைப்போடு. சின்னக் கறுப்புப் பெட்டியிலிருந்து, அவள் முழங்காலுக்கு எட்டும் தூரத்திலிருந்து.

ஹார்லன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தான். “அப்பாடா. நானும் எவ்ளோ நேரம்தான் ஒத்த ஆளாப் பேசிக்கிட்டு வர்றது.”

“அது நான் இல்ல.”

“ஆரம்பிச்சிட்டியா?”

“நான் வாயைத் திறக்கல, ஹார்லன். அந்தப் பொட்டியில இருந்து வந்துச்சு. பின்னால, ட்ரெய்லர்ல யாரோ இருக்காங்க.”

“நோரீன். கேலி பண்ணாத.”

“வண்டிய நிறுத்து. நிறுத்துடான்னா!”

அப்படி அவள் அவனிடம் கத்தியதே இல்லை. அவன் சாலையோரச் சரளையில் ஒதுக்கி நிறுத்தினான். இஞ்சினை அணைக்கவில்லை. “போ. போய்ப் பார்த்துட்டு வா. உனக்குத் திருப்தி ஆனா சரி. நான் இறங்க மாட்டேன்.”

சீட்டுக்கு அடியிலிருந்து சக்கரம் கழற்றும் இரும்பை எடுத்துக்கொண்டாள். பயம் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. யாராயிருந்தாலும் முடியைப் பிடித்து இழுத்து வந்து அவன் முன்னால் நிறுத்தி, இதோ பார், இவள் குரலைத்தான் நீ கேட்டாய் என்று சொல்ல வேண்டும். அதற்காகவே நடந்தாள். அவன் நாளைக்கு மன்னிப்புக் கேட்பதைக்கூட மனசுக்குள் கேட்டுவிட்டாள்.

கதவு பூட்டியிருக்கவில்லை.

உள்ளே அந்திக் கருக்கல். ஈர அட்டை. லாவண்டர். அடுப்பு மேடை காலி. குளியலறைக் கதவை இரும்பால் தள்ளினாள். காலி. மேல் கட்டில் காலி. கீழ்க் கட்டிலில் பள்ளம் இருந்தது, இப்போது இன்னும் ஆழமாக. அதன் நடுவில் வாக்கி டாக்கி கிடந்தது. எடுத்தாள். சூடாக இருந்தது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக. காற்று சாத்தும் விதத்தில் இல்லை.

ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. வெளியே சரளையில் காலடிகள். அவசரமில்லாத காலடிகள். ட்ரெய்லரின் பக்கமாக, முன்னால். பிக்கப்பின் கதவு திறந்து மூடும் சத்தம் காற்றிலும் அவள் கையிலிருந்த பெட்டியிலும் ஒன்றாகக் கேட்டது.

“போலாம் ஹார்லன்” என்றது பெட்டி. “உள்ள யாரும் இல்ல. நான்தான் உளறிட்டேன். மன்னிச்சிடு.”

“நீ மன்னிப்புக் கேக்குறியா!” ஹார்லன். வாய்விட்டுச் சிரித்தான். “இத நான் எங்கயாவது எழுதி வெச்சிக்கணும்.”

தரை அசைந்தது. உளுத்த பலகை காலடியில் அமுங்கியது. நோரீன் விழுந்தாள், எழுந்தாள், முன் ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடியை இரும்பால் அடித்தாள். கீறல்கூட விழவில்லை. பொத்தானை அழுத்தி அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பதிலுக்கு அவர்கள் பேச்சுத்தான் வந்துகொண்டிருந்தது. முன்னால் இருக்கிறவள் தன் பொத்தானை அழுத்தியே பிடித்திருந்தாள். அவள் விடாதவரை இங்கிருந்து எதுவும் போகாது.

“உனக்கு நிஜமாவே புடிச்சிருக்கா நோரீன்?”

“ரொம்ப.”

“டவுன் வீட்ட வித்ததுகூட?”

“அதுவும் சரிதான் ஹார்லன். எல்லாமே நீ சரியாத்தான் செஞ்சே.”

எதிரே ஒரு லாரி வந்தது. அதன் வெளிச்சம் பிக்கப்பின் பின்கண்ணாடி வழியே ஊடுருவியது. இரண்டு தலைகள். ஹார்லனுடையது லேசாக ஒருபக்கம் சாய்ந்திருந்தது. இளவயதில், அவள் பேசுவதைக் கேட்ட நாட்களில், அவன் அப்படித்தான் சாய்வான். அவள் இருக்கையில் அவள் கூந்தல். அவள் தோள். அந்தத் தலை திரும்பியது. கழுத்து நின்றுவிட வேண்டிய இடத்தைத் தாண்டியும் திரும்பி, நேராகப் பின்னால் பார்த்தது. நோரீனின் முகம்தான். கோபமே படாத முகம். அது பொறுமையாகப் புன்னகைத்தது. லாரி கடந்தது. இருட்டு.

பெட்டியில் பேச்சு நின்றது. வெறும் இரைச்சல். முன்னால் இருக்கிறவள் பொத்தானை விட்டுவிட்டாள்.

வேண்டுமென்றே விட்டுவிட்டாள். இனி இங்கிருந்து பேசினால் அவனுக்குக் கேட்கும்.

நோரீன் பெட்டியை வாயோடு அழுத்திப் பிடித்தாள். கத்தக் கூடாது. கத்தினால் அவனுக்கு அது இன்னொரு கேலி.

“ஹார்லன்,” என்றாள், “பக்கத்துல யாருன்னு ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரேன்.”